பிளாஸ்க் முதல் ஓப்பன் சோர்ஸ் வரை: வேரியோமீட்டரின் கதை

சித்திரை மாத மத்தியானத்தில் பல்லடம், அவிநாசி பக்கம் தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஒரு பருந்தாவது கண்ணில் படும். இறக்கையை அடிக்காது. சும்மா விரித்து வைத்துக்கொண்டு வட்டம் போடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கும். பத்து நிமிடத்தில் புள்ளியாகிவிடும்!

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. வெயிலில் காய்ந்த செம்மண் காடும், கம்பெனிகளின் தகரக் கூரையும் பக்கத்தில் இருக்கும் பச்சை வயலைவிட சீக்கிரம் சூடாகும். அதன் மேல் இருக்கும் காற்றும் சூடாகி, லேசாகி, தூண் மாதிரி எழும்பும். இதற்கு 'தெர்மல்' என்று பெயர். பருந்து அந்தத் தூணுக்குள் சுற்றுகிறது. இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரும் இதைத்தான் செய்கிறது. நல்ல பைலட் ஒரு தெர்மலில் ஏறி, அடுத்த தெர்மல் வரை சறுக்கி, மறுபடி ஏறி, ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுவார்.

ஆனால் ஒரு சிக்கல். காற்றுத் தூண் கண்ணுக்குத் தெரியாது. சரி, உடம்புக்காவது தெரியுமா? தெரியாது. லிஃப்டில் ஏறும்போது கவனித்திருப்பீர்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஒரு தூக்கல். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. நம் காதுக்குள் இருக்கும் உறுப்பு வேகம் மாறுவதை உணரும், மாறாத வேகத்தை உணராது. பறவைகளின் நடுக்காதில் காற்றழுத்தத்தை உணரும் ஓர் உறுப்பு இருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மனிதனுக்கு அப்படி ஒன்று இல்லை. அந்தக் குறையை நிரப்பும் கருவிதான் வேரியோமீட்டர். விநாடிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறோம் அல்லது இறங்குகிறோம் என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை இருக்கிறது.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு இன்ஜின் விமானங்கள் விஷயத்தில் கடுமையான தடைகள் விதிக்கப்பட்டன. பறக்கும் வெறி பிடித்த மாணவர்கள் என்ன செய்வார்கள்? இன்ஜின் இல்லாமல் பறந்தார்கள். வாசர்குப்பே என்ற சுமார் 950 மீட்டர் உயர மலையில் 1920ல் முதல் போட்டி நடந்தது. அப்போது எல்லோருக்கும் தெரிந்த ஒரே வித்தை, மலைச்சரிவில் மோதி மேலே எழும் காற்றில் இப்படியும் அப்படியும் போய்வருவது. மலையை விட்டு விலகினால் இறங்க வேண்டியதுதான்.

1926ல் மாக்ஸ் கெகல் என்பவர் எதிர்பாராமல் ஒரு இடிமேகத்துக்குள் உறிஞ்சப்பட்டார். ஆள் போய்விட்டார் என்று கீழே இருந்தவர்கள் நினைத்திருக்க, அவர் 55 கிலோமீட்டர் தள்ளிப் பத்திரமாக இறங்கினார். அதற்குப் பிறகு அவர் பெயரே 'இடிமழை மாக்ஸ்' ஆகிவிட்டது. மலையை விட்டாலும் ஆகாயத்தில் ஏணி உண்டு என்பது இதில் தெரிந்தது. ஆனால் அந்த ஏணி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் ராபர்ட் குரோன்ஃபெல்ட் வருகிறார். வியன்னாவில் 1904ல் பிறந்தவர். அலெக்சாண்டர் லிப்பிஷ் என்ற விமான வடிவமைப்பாளர் (பின்னாளில் ராக்கெட் விமானம் வடிவமைத்தவர், அது வேறு கதை) அவருக்கு ஒரு யோசனை சொன்னார். பலூன்காரர்கள் வைத்திருக்கும் வேரியோமீட்டரைக் கிளைடரில் வைத்தால் என்ன?

கருவி மிக எளிமையானது. வெந்நீர் பிளாஸ்க் ஒன்று. (பிளாஸ்க் ஏன்? உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம் சட்டென்று மாறக் கூடாது.) அதன் வாயிலிருந்து வெளியே போக ஒரு மிக மெல்லிய வழி. கிளைடர் மேலே ஏறினால் வெளியே காற்றழுத்தம் குறையும், பிளாஸ்கில் இருக்கும் காற்று வெளியே கசியும். இறங்கினால் வெளிக்காற்று உள்ளே வரும். கசிவின் வேகத்தை ஒரு முள் காட்டும். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்க் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தரைமட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் ஏறும்போது வெளியேறும் காற்று சுமார் 0.05 மில்லிலிட்டர். அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் அளவு! அந்தச் சொட்டை அளப்பதில்தான் பைலட்டின் பிழைப்பே இருந்தது.

1929ல் 'வியன்' என்ற கிளைடரில் குரோன்ஃபெல்ட் முதன்முதலாக 100 கிலோமீட்டரைத் தாண்டினார். அதே வருடம் ஜூலையில் இடிமழையின் முகப்பில் சவாரி செய்து 140 கிலோமீட்டருக்கும் மேல் போனார். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எப்படி இவருக்கு மட்டும் காற்று தெரிகிறது? தன்னிடம் இருந்த கருவியைப் பற்றி அவர் ஆரம்பத்தில் மூச்சு விடவில்லை என்று கிளைடர் உலகில் சொல்வார்கள். போட்டி என்று வந்தபின் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இப்படிப்பட்ட ரகசியம் நிலைக்காது. 1930ல் அமெரிக்கா போன வோல்ஃப் ஹிர்த்தும் வேரியோமீட்டரோடு தெர்மலில் சுற்றிக் காட்டினார். அப்புறம் என்ன, எல்லோர் கிளைடரிலும் அது வந்துவிட்டது.

குரோன்ஃபெல்ட் 1931 ஜூனில் ஒரே நாளில் ஆங்கிலக் கால்வாயை கிளைடரில் இரண்டு பக்கமும் கடந்து 1000 பவுண்டு பரிசை வாங்கினார். இரண்டு வருடத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். குரோன்ஃபெல்ட் யூத வம்சாவளி. ஜெர்மனியின் ஆகாயத்தில் அதிக தூரம் பறந்து காட்டியவருக்கு ஜெர்மனியில் இடமில்லாமல் போனது. இங்கிலாந்து போனார், 1939ல் அந்நாட்டுக் குடிமகனானார், போரில் அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்தார். 1948 பிப்ரவரியில் வாலில்லாத ஒரு சோதனைக் கிளைடரை ஓட்டியபோது அது கட்டுப்பாட்டை இழந்தது. உடன் இருந்தவர் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். குரோன்ஃபெல்ட் தப்பவில்லை. அப்போது அவருக்கு வயது 43.

கருவிக்கு வருவோம். அதில் இரண்டு கோளாறுகள் இருந்தன. முதலாவது, தாமதம். முள் நகர இரண்டு மூன்று விநாடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கிளைடர் மூன்று விநாடியில் 80 மீட்டருக்கு மேல் போய்விடும். தெர்மலின் அகலமே பல நேரம் நூறு இருநூறு மீட்டர்தான். "ஏறுகிறாய்" என்று முள் சொல்வதற்குள் ஏணியைத் தாண்டியாயிற்று!

இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது. பைலட் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்டிக்கை லேசாகப் பின்னால் இழுக்கிறார். மூக்கு நிமிர்கிறது, வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. மணிக்கு 150லிருந்து 90 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்தால் சுமார் 55 மீட்டர் உயரம் சும்மாவே கிடைக்கும் (இழப்பை விட்டுவிடுங்கள், பிளஸ் டூ இயற்பியல்தான்). வேரியோமீட்டர் "ஆஹா, தெர்மல்!" என்கும். தெர்மலும் இல்லை, ஒன்றும் இல்லை. கைக்காசை எடுத்து பேங்கில் போட்டுவிட்டு வருமானம் வந்ததாகச் சொல்வது போலத்தான் இது.

தீர்வு? உயரத்தை மட்டும் அளக்காதே, உயரத்தையும் வேகத்தையும் சேர்த்து மொத்த ஆற்றலை அள. 1939 வாக்கிலேயே ஆர்தர் காண்ட்ரோவிட்ஸ் இதைப் பற்றிப் பேசிவிட்டார். அழுத்தம் எடுக்கும் குழாயை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் செய்து காற்றோட்டத்தில் நீட்டினால், வேகத்துக்கேற்ப உறிஞ்சல் ஏற்பட்டு இந்தத் திருத்தம் தானாகவே நடந்துவிடும். கிளைடர்களின் வாலில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அது இந்தக் குழாய்தான்.

அமெரிக்காவின் பால் மெக்ரெடி இதில் இன்னொரு படி ஏறினார். வேரியோமீட்டரின் முகப்பைச் சுற்றி ஒரு வளையம். அடுத்த தெர்மல் எவ்வளவு பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அந்த இடத்துக்கு வளையத்தைத் திருப்பினால், இப்போது எந்த வேகத்தில் பறப்பது லாபம் என்று முள்ளே காட்டிவிடும். 1956ல் அவர் உலக சாம்பியன். இதே மனிதர்தான் 1979ல் மனித காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த 'காஸமர் அல்பட்ராஸ்' விமானத்தையும் உருவாக்கியவர்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. சிவில் விமானத்துறையின் டெல்லி தொழில்நுட்ப மையம் கிளைடர்களை இங்கேயே வடிவமைத்தது. பெயர்களைப் பாருங்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. நட்சத்திர வரிசையில் முதல் ஆறு! ஜாதகம் பார்ப்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். ஆர்த்ரா என்பது நம் திருவாதிரை. அஸ்வினி 1958ல் பறந்தது. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணியில் (1961) இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கலாம். புனே ஹடப்சர் போன்ற இடங்களில் பலர் பறக்கக் கற்றது இப்படிப்பட்ட கிளைடர்களில். 1979ல் பறந்த ஆர்த்ராவோடு அந்த நட்சத்திர வரிசை நின்றுபோனது. 27ல் 21 பாக்கி. இன்றைய பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வரிசை இருந்ததே தெரியும்?

1960களில் எலெக்ட்ரானிக்ஸ் உள்ளே நுழைந்தது. பிளாஸ்க் அப்படியே இருந்தது, ஆனால் கசியும் காற்றின் வழியில் சூடான இரண்டு தெர்மிஸ்டர்களை வைத்தார்கள். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கேற்ப ஒன்று மற்றதைவிட அதிகம் குளிரும். அந்த வித்தியாசம் மின்சாரமாக வரும். முள்ளைவிட வேகம். முக்கியமாக, மின்சாரமாக வந்துவிட்டதால் அதை ஒலியாகவும் மாற்றலாம். ஏறினால் 'பீப் பீப்' என்று சுருதி கூடும், இறங்கினால் குறையும்.

ஒலி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் போட்டி நாளில் ஒரே தெர்மலில் இருபது முப்பது கிளைடர்கள் வட்டமிடும். பக்கத்து இறக்கை சில பத்து மீட்டரில். அங்கே முள்ளைப் பார்க்கக் குனிகிற ஒரு விநாடியில் மோதல் நடக்கலாம். காது கருவியைக் கேட்டால் கண் வெளியே இருக்கும். வேரியோமீட்டர் வரலாற்றில் எத்தனையோ முன்னேற்றங்கள் உண்டு, உயிர்களைக் காப்பாற்றிய முன்னேற்றம் என்றால் இந்த பீப் ஒலியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் 1978ல் பிரான்ஸின் மியூசி கிராமத்தில் சிலர் பாராசூட்டோடு மலையிலிருந்து ஓடிக் குதித்தார்கள். பாராகிளைடிங் அங்கே சூடு பிடித்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: பனியன் துணியில் பாராகிளைடர் தைக்கலாமா? ஆகாது. பின்னல் துணி இழுபடும், காற்றும் புகும். அதற்கு வேண்டியது பூச்சு போட்ட, நெசவு நைலான். எடை? நம் டி-ஷர்ட் துணி 140, 160, 180 ஜி.எஸ்.எம். என்று போகும். பாராகிளைடர் துணி 30, 40 ஜி.எஸ்.எம். பக்கம்! அப்படிப்பட்ட துணியில் தொங்கிக்கொண்டு போகிறவர் பிளாஸ்க்கும் குழாயும் எங்கே மாட்டுவார்? தொடையில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி வேண்டும். வேரியோமீட்டர் சுருங்க ஆரம்பித்தது இப்படித்தான். 2015ல் பாராகிளைடிங் உலகக் கோப்பையின் ஒரு சுற்று இமாசலத்தின் பீர் பில்லிங்கில் நடந்தபோது, பிளாஸ்க் எல்லாம் பழங்கதை.

பிளாஸ்க்கை ஒழித்தது சிலிக்கான். நகக்கண் அளவு அழுத்த சென்சார். அதன் விலையைத் தரைக்குக் கொண்டுவந்ததில் செல்போனுக்குப் பெரிய பங்கு. 2011ல் வந்த கேலக்ஸி நெக்சஸ் போனில் பாரோமீட்டர் இருந்தது. எதற்குத் தெரியுமா? ஜி.பி.எஸ். சீக்கிரம் இடம் கண்டுபிடிக்க. கிளைடர் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. ஆனால் கோடிக்கணக்கில் போன் விற்றதில் சென்சார் மலிந்தது, லாபம் பறக்கிறவர்களுக்கு. இவர்களுக்குப் பிடித்த எம்.எஸ்.5611 சென்சார் 0.012 மில்லிபார் வரை பிரித்துக் காட்டும். உயரக் கணக்கில் சுமார் 10 சென்டிமீட்டர். ஒரு படிக்கட்டின் பாதி உயரத்தை விநாடிக்குப் பல பத்து முறை அளக்கும்.

அடுத்தது கணக்கு போடும் மூளை. 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ பிறந்தது. அதன் சர்க்யூட்டே திறந்த நிலையில் வெளியிடப்பட்டது. அதே 2005ல் கிளைடர் உலகிலும் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. மைக் ராபர்ட்ஸ் என்பவர் கையடக்கக் கணினியில் ஓடும் 'எக்ஸ்சி சோர்' என்ற கிளைடர் மென்பொருளை விற்றுவந்தார். சொந்தக் காரணங்களால் அவரால் தொடர முடியவில்லை. சாதாரணமாக இப்படிப்பட்ட மென்பொருள் அப்படியே செத்துப்போகும், வாங்கியவர்கள் திட்டிவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். அவரோ மூல நிரலை ஜி.பி.எல். உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். உலகமெங்கும் இருந்த பைலட்-புரோகிராமர்கள் எடுத்து வளர்த்தார்கள்.

அந்த மென்பொருளுக்கு ஏற்ற பெட்டியாக வந்ததுதான் 'ஓப்பன்வேரியோ'. ஒரு சின்ன லினக்ஸ் போர்டு, ஒரு திரை, ஒரு சென்சார் போர்டு. சென்சார் போர்டில் இரண்டு எம்.எஸ்.5611: ஒன்று சாதாரண அழுத்தத்துக்கு, மற்றது அந்த வால் குழாய்க்கு. வேகத்துக்குத் தனியாக இன்னொரு சென்சார். சர்க்யூட், நிரல் எல்லாம் பொதுவில். பின்னாளில் ஈ.எஸ்.பி.32 சிப்பை வைத்து 'எக்ஸ்சி வேரியோ' என்ற இன்னொரு திறமூலக் கருவியும் வந்தது. கடையில் விற்கும் உயர்ரகக் கிளைடர் கணினிகள் இரண்டு மூன்று லட்ச ரூபாய்க்குப் போகிற உலகத்தில், சால்டரிங் தெரிந்த மாணவர்கள் நுழையக்கூடிய கதவு இது.

விலை மட்டும் காரணமில்லை. மூடிய பெட்டி விநாடிக்கு இரண்டு மீட்டர் ஏறுகிறாய் என்றால் நம்ப வேண்டியதுதான். எப்படிக் கணக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. வேரியோமீட்டரில் அந்தக் கணக்குதான் முழு விஷயமும். சென்சாரின் அளவு ஒவ்வொரு முறையும் 10 சென்டிமீட்டர் இப்படி அப்படி ஆடும். அடுத்தடுத்த இரண்டு அளவைக் கழித்து நேரத்தால் வகுத்தால் அந்த ஆட்டம் பூதமாகப் பெருகும். மேசை மேல் சும்மா வைத்திருக்கும் கருவி விநாடிக்கு ஐந்து மீட்டர் ஏறுவதாகச் சத்தியம் செய்யும். பல அளவுகளின் சராசரி எடுத்தால் ஆட்டம் போகும், ஆனால் தாமதம் வரும். 1929ன் அதே பழைய நோய்! இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்ய ருடால்ஃப் கால்மன் 1960ல் கொடுத்த வடிகட்டிக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஓப்பன்வேரியோவின் நிரலைத் திறந்தால் அந்தக் கால்மன் வடிகட்டி சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. எந்த எண்ணை மாற்றினால் கருவி சுறுசுறுப்பாகும், எதை மாற்றினால் நிதானமாகும் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குரோன்ஃபெல்ட் மூச்சு விடாமல் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் விஷயத்தின் பேரன் இப்படி நடுத்தெருவில் கிடக்கிறான்.

திருப்பூரில் கிளைடர் பறக்கும் தளம் இல்லை. பக்கத்தில் சூலூரில் விமானப்படைத் தளமும் கோவையில் விமான நிலையமும் இருப்பதால் நினைத்தபடி மேலே போகவும் முடியாது. ஆனால் கருவி செய்வதற்கு ஆகாயம் தேவையில்லை. சென்சார் சில நூறு ரூபாய், ஆர்டுயினோ ஒன்று, ஒரு பஸ்ஸர். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எம்.எஸ்.5611 மேல் நேரடி வெயில் பட்டால் அளவு தடுமாறும், கறுப்பு ஸ்பாஞ்சால் மூட வேண்டும். ஃபேன் காற்று அடித்தாலும் தடுமாறும். ஸ்பாஞ்சுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

சோதிக்க முதலில் லிஃப்ட் போதும். இரண்டு மூன்று மாடி ஏறி இறங்கினால் பீப் சரியாக வருகிறதா என்று தெரிந்துவிடும். நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. பையில் கருவியை வைத்துக்கொண்டு பைக்கில் ஒரே வேகத்தில் மலைப்பாதையில் ஏற வேண்டியது, பிறகு இறங்க வேண்டியது. வளைவுகளில் வேகம் குறையும்போது சுருதி குறைகிறதா, எத்தனை விநாடி கழித்துக் குறைகிறது என்று குறித்துக்கொண்டால் தாமதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூன்று விநாடிக்கு மேல் என்றால் வடிகட்டியில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு மறுபடியும் மலை ஏற வேண்டியதுதான்.